சினிமாவில் சுந்தா ஆண்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்தோனேசியப் படங்களைப் பற்றிப் பேச்செடுத்தாலே "அந்த அடிதடிப் படம்தானே" என்று கேட்கிறார்கள். அந்த அடிதடிக்கு அந்தப் பக்கம் இன்னொரு உலகம் இருக்கிறது. மேற்கு ஜாவாவின் சுந்தா ஆண்களைச் சினிமா எப்படிக் காட்டியது, மரபும் நவீனமும் அவர்களை எந்தெந்தப் பக்கம் இழுத்தன என்று நண்பர்கள் அவ்வப்போது கேட்டதையும் நான் சொன்னதையும் சேர்த்து இங்கே எழுதி வைக்கிறேன்.

சுந்தா மக்கள் என்றால் யார்? ஜாவாக்காரர்கள்தானே?

இல்லை. இப்படிக் கேட்டால் பண்டுங் நகரத்தில் முகம் சுளிப்பார்கள். ஜாவா தீவின் மேற்குப் பகுதி சுந்தா மக்களுடையது. மொழி வேறு, சாப்பாடு வேறு, பாட்டு வேறு. ஏறக்குறைய நாலு கோடிப் பேர், இந்தோனேசியாவில் ஜாவானியர்களுக்கு அடுத்த பெரிய இனம். தலைநகரம் மாதிரி அவர்களுக்கு பண்டுங். போகோர் பக்கம் சியாருத்தெயுன் என்ற இடத்தில் ஐந்தாம் நூற்றாண்டுக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. பல்லவ எழுத்து, சமஸ்கிருத மொழி. பூர்ணவர்மன் என்ற அரசனின் இரண்டு காலடித் தடங்களைக் கல்லில் செதுக்கி, இவை விஷ்ணுவின் பாதம் போன்றவை என்று எழுதி வைத்திருக்கிறார்கள். அந்த மண்ணின் மிகப் பழைய ஆண் பெருமை அதுவாகத்தான் இருக்கும். பின்னால் சினிமாவில் வந்த சுந்தா ஆண்களுக்கும் அந்தக் கம்பீரத்துக்கும் வெகுதூரம்.

நல்ல ஆண் என்று அங்கே யாரைச் சொல்வார்கள்?

பெரியவர்கள் சொல்லும் ஐந்து சொற்கள் உண்டு: சகேர், பகேர், பெனெர், சிஙெர், பின்தெர். உடல் நலமாக இரு, நல்ல மனதோடு இரு, நேர்மையாக இரு, சூட்டிகையாக இரு, அறிவோடு இரு. பிள்ளைகள் எல்லோருக்கும் சொல்வதுதான், ஆனாலும் கவனித்தீர்களா, இதில் வீரம் இல்லை, பலம் இல்லை, அடக்கி ஆளும் பேச்சே இல்லை.

அப்புறம் மொழி. சுந்தா மொழியில் மரியாதைப் படிகள் உண்டு, 17ஆம் நூற்றாண்டில் மத்தராம் ஜாவானிய அரசின் செல்வாக்கில் வந்து ஒட்டிக்கொண்டவை. சாப்பிடுவதற்கே பாருங்கள். பெரியவர் சாப்பிட்டால் 'துவாங்', அவர் முன்னால் நான் சாப்பிட்டதைச் சொன்னால் 'நெதா', சிநேகிதர்களுக்குள் 'தஹார்', ஆத்திரத்தில் ஒருவனைத் திட்டும்போதும் மிருகத்துக்கும் 'ஞாத்து'. யாரிடம் எந்தச் சொல்லைப் போட வேண்டும் என்று தெரியாதவனை வளர்ந்த ஆண் என்றே எண்ண மாட்டார்கள். ஆக ஆண்மையின் முதல் பரீட்சை நாக்கில் நடக்கிறது. இதை மனதில் வைத்துக்கொண்டால் படங்கள் பாதி புரிந்துவிடும்.

அப்படியென்றால் சண்டைக்காரர்களே கிடையாதா?

ஏன் இல்லை? தீவின் மேற்கு ஓரத்தில் உள்ள பன்தென் பக்கத்து 'ஜவாரா' என்ற முரட்டு ஆட்கள் உண்டு, இடுப்பில் 'கோலோக்' கத்தி. சிலாட் தற்காப்புக் கலையின் பேர்போன மரபுகளில் ஒன்றான சிமாண்டே போகோர் பக்கத்திலிருந்து வந்தது. பழைய பஜாஜாரான் அரசன் சிலிவாங்கி புலியானதாகக் கதை. புலிக்கு 'மாவுங்' என்று பெயர், பண்டுங்கின் பெர்சிப் கால்பந்து அணிக்கும் அதே பட்டப்பெயர், மேற்கு ஜாவா ராணுவப் பிரிவுக்கும் சிலிவாங்கி பெயர்தான்.

அந்தப் பிரிவை வைத்துத்தான் 1950இல் உஸ்மார் இஸ்மாயில் 'டாரா டான் டோஆ' எடுத்தார். படப்பிடிப்பு தொடங்கிய மார்ச் 30ஐ இன்றும் இந்தோனேசியாவில் தேசியத் திரைப்பட நாளாகக் கொண்டாடுகிறார்கள். ஜாவாவின் நடுப்பகுதியிலிருந்து மேற்கே சொந்த மண்ணுக்குப் படை நடந்தே திரும்பும் கதை. வீரப் படம் என்று நினைத்து உட்கார்ந்தால் ஏமாந்து போவீர்கள். தலைவன் சுடார்டோ தயங்குகிறவன், பெண்கள் விஷயத்தில் தடுமாறுகிறவன், முடிவெடுக்கத் திணறுகிறவன். புதிதாகப் பிறந்த நாட்டின் முதல் படம் என்று பெயர் வாங்கிய படத்தில் இப்படி ஒரு ஆள்!

நீங்கள் ஏற்கெனவே பார்த்த சுந்தா ஆண்கள் இருவரையும் சொல்லிவிடுகிறேன். 2011இல் வந்த 'தி ரெய்ட்' படத்தில் துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டு வெறும் கையோடு சண்டைக்கு நிற்கும் குள்ளமான 'மேட் டாக்', அவர் தாசிக்மலாயாவைச் சேர்ந்த யாயான் ருஹியான். இரண்டாம் பாகத்தில் வளைந்த கெராம்பிட் கத்தியோடு வருபவர் காருட்டைச் சேர்ந்த செசெப் ஆரிப் ரஹ்மான். 2019இல் 'ஜான் விக்' மூன்றாம் படத்தில் இருவரும் சேர்ந்து வந்தார்கள். கொல்ல வந்த இடத்திலும் எதிராளிக்கு மரியாதை காட்டி, விழுந்தவன் எழுந்து நிற்கும் வரை காத்திருப்பார்கள். ஹாலிவுட் எழுதிய காட்சிதான், ஆனால் அந்தப் பணிவு அந்த இருவருக்கும் என்ன இயல்பாகப் பொருந்தியது!

முதல் படங்கள் எப்படி இருந்தன?

இந்தோனேசிய மண்ணில் உள்ளூர் நடிகர்களை வைத்து எடுத்த முதல் கதைப்படமே ஒரு சுந்தா கதைதான். 1926இல் 'லூதுங் கசாருங்', பண்டுங்கில் டிசம்பர் 31ஆம் தேதி திரையிட்டார்கள். எடுத்தவர்கள் டச்சுக்காரர்கள், ஆதரவு கொடுத்தவர் பண்டுங்கின் நிர்வாகப் பிரபு வீரநாதகுசுமா. இன்று படச்சுருள் இல்லை. கதை எல்லோருக்கும் தெரியும்: அக்கா துரத்திவிட்ட தங்கை பூர்பசாரி காட்டில் ஒரு கருங்குரங்கோடு பழகுகிறாள், குரங்கு உண்மையில் சாபம் பெற்ற தேவகுமாரன். எனக்குப் பிடித்தது கதையின் போட்டிதான். அக்கா தங்கை இருவரில் யாருக்கு அரியணை என்று தீர்க்க வைக்கும் போட்டிகளில் ஒன்று, யாருடைய வருங்காலக் கணவன் அழகு என்பது! ஆண்களை வரிசையில் நிற்க வைத்து மார்க் போடுகிறார்கள். குரங்கு கடைசி நேரத்தில் தேவனாக மாறி ஜெயிக்கிறது.

அடுத்த வருடமே, 1927இல், 'எயுலிஸ் அச்சிஹ்'. பதிவிரதை மனைவி ஒருத்தி, அவளை விட்டுவிட்டு ஆட்டம்போடப் போகும் கணவன், வறுமையில் கிடக்கும் பிள்ளை. இந்தக் கணவனைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்திருங்கள், கீழே திரும்ப வருவான்.

கபாயன், கபாயன் என்கிறார்களே, யார் அது?

சுந்தா ஆண்களைப் பற்றி ஒரே ஒருவனைத்தான் தெரிந்துகொள்ள முடியும் என்றால் இவனைத் தெரிந்துகொள்ளுங்கள். நாட்டுப்புறக் கதை நாயகன். சோம்பேறி. மாமனாரின் தீராத தலைவலி. மனைவி பெயர் இதெங்.

மாமனார் ஒரு நாள் பலாப்பழம் பறித்துவரச் சொல்கிறார். பறிக்கிறான், பழம் பெரியது, கனக்கிறது. ஆற்றில் தூக்கிப் போட்டு, "நீ முன்னால் வீட்டுக்குப் போ" என்று அனுப்பிவிட்டு வெறுங்கையோடு வருகிறான். பழம் எங்கே என்று கேட்டால், "இன்னும் வரவில்லையா? அவ்வளவு முற்றின பழத்துக்கு வீட்டுக்கு வழி தெரியாதா?" என்கிறான். இன்னொரு நாள் வயலில் நத்தை பொறுக்கப் போகிறார்கள். இவன் வரப்பிலேயே உட்கார்ந்துவிடுகிறான். தண்ணீரில் வானம் தெரிகிறதே, எவ்வளவு ஆழமோ என்று பயமாம். மாமனார் பிடித்துத் தள்ளுகிறார். கணுக்கால் அளவுத் தண்ணீரில் நின்றுகொண்டு, "அட, ஆழமே இல்லையே" என்கிறான்.

முட்டாளா, கெட்டிக்காரனா என்று இருநூறு முறை கேட்டாலும் பதில் கிடைக்காது, அதுதான் அவன் ருசி. மாமனார் அதிகாரத்தை எதிர்த்து ஒரு வார்த்தை பேச மாட்டான், ஒரு வேலையும் செய்ய மாட்டான். மரபு சொல்வதை எழுத்துக்கு எழுத்து பின்பற்றியே மரபைக் கவிழ்த்துவிடுகிற ஆள்.

சினிமாவில் 1975லேயே காங் இபிங் என்ற பண்டுங் நகைச்சுவையாளர் கபாயனாக வந்தார். ஆனால் பெரும்பாலானவர்கள் மனதில் நிற்பது 1989இல் 'சி கபாயன் சபா கோத்தா'வில் நடித்த டிடி பெட்டெட். 'சபா கோத்தா' என்றால் பட்டணம் சுற்றப் போவது. நன்றாகப் போனதும் அடுத்தடுத்துப் படங்கள்: பட்டணத்துப் பெண்ணோடு கபாயன், 1992இல் மாநகரம் சுற்றும் கபாயன். அதிபர் சுகார்த்தோ காலத்து 'வளர்ச்சி' முழக்கம் உச்சத்தில் இருந்த வருடங்கள் அவை. விவசாயி நவீனமாக வேண்டும், உழைக்க வேண்டும், திட்டத்தில் சேர வேண்டும் என்று ரேடியோவும் டிவியும் ஓதிக்கொண்டிருந்தபோது தோளில் லுங்கியும் சாய்ந்த தொப்பியுமாக ஒருவன் மெதுவாக நடந்து போவதைப் பார்த்து ஜனம் சிரித்தது. அந்தச் சிரிப்பில் கொஞ்சம் பொறாமையும் இருந்திருக்கும் என்று எனக்கு ஒரு சந்தேகம்.

2010இல் 'கபாயன் ஜாடி மில்யுனெர்', அதாவது கபாயன் கோடீஸ்வரனாகிறான். ஜேமி ஆதித்யா நடித்தார். தலைப்பைப் படித்தபோதே எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. கபாயனுக்குப் பணம் கொடுத்தால் அப்புறம் கபாயனிடம் என்ன மிச்சம்?

டிடி பெட்டெட் ஏன் இவ்வளவு முக்கியம்?

ஏனென்றால் இந்த விவகாரம் முழுக்க ஒரே மனிதரின் முகத்தில் எழுதியிருக்கிறது. பிறந்தது 1956இல், சுரபாயாவில், சுந்தா நிலத்துக்கு வெளியே. 1987இல் 'சத்தாத்தான் சி பாய்' படத்தில் எமோன் என்ற பெண்மை கலந்த நண்பன் வேடம், ஜகார்த்தா பணக்கார இளைஞர்களின் கூட்டத்தில். நாடே அந்தக் குரலைப் பேசிக் காட்டிச் சிரித்தது. இரண்டே வருடத்தில் அதே ஆள் கிராமத்துக் கபாயன். கடைசியாக 2015இல் டிவி தொடரில் பண்டுங்கின் ரவுடித் தலைவர் காங் பஹார். அந்த வருடம் மே மாதம் இறந்துபோனார்.

எமோன், கபாயன், பஹார். மூன்றிலும் கத்தாத குரல். மிரட்ட வேண்டிய இடத்தில்தான் பஹாரின் குரல் இன்னும் இறங்கும். ஆண் என்றால் இப்படித்தான் என்று வரையறுக்கக் கிளம்புகிறவர்கள் இந்த மூன்றையும் அடுத்தடுத்துப் பார்த்துவிட்டுக் கிளம்பட்டும்.

அந்த ரவுடித் தொடர் என்ன? 'பென்ஷன் வாங்கிய ரவுடி' என்றா பெயர்?

ஏறக்குறைய அதேதான். 'ப்ரெமான் பென்சியுன்', ஓய்வு பெற்ற ரவுடி. 'ப்ரெமான்' என்ற சொல்லே டச்சு மொழியில் சுதந்திர மனிதன் என்ற சொல்லிலிருந்து வந்தது என்பார்கள். ஆரிஸ் நுக்ராஹா எழுதி இயக்கினார், 2015இல் தொடர், 2019 ஜனவரியில் படம். சந்தை, பஸ் நிலையம், தெரு என்று பண்டுங் முழுவதும் மாமூல் வாங்கும் கூட்டம். மூன்று பெண்களுக்கு அப்பாவான பஹார் போதும் என்று ஒதுங்கப் பார்க்கிறார், வலது கையான முஸ்லிஹாத்திடம் பொறுப்பு போகிறது. காங் முஸ், நடித்தவர் எபி குஸ்நாந்தார். (முஸ்லிஹாத் என்றால் தந்திரம் என்று பொருள். பெயர் வைத்தவருக்கு ஒரு சபாஷ்.)

இதில் பார்க்க வேண்டியது மரியாதை. பிக்பாக்கெட் அடிக்கிறவனும் பெரியவனை 'காங்' என்றுதான் கூப்பிடுகிறான், அண்ணே என்பது மாதிரி. தலைவர் கேட்டால் கை கட்டாத குறையாகப் பதில். அடிப்பதற்கு முன் நலம் விசாரிப்பு. ஊர்ப் பெரியவர், சீடன், முறை, வரிசை, எல்லாம் பழைய கிராமத்து அமைப்பு, அதை அப்படியே தூக்கிப் பஸ் நிலையத்தில் வைத்துவிட்டார்கள். மரபு செத்துவிட்டது என்று புலம்புகிறவர்களுக்கு இந்தத் தொடர் கொடுக்கிற பதில், அது சாகவில்லை, மாமூல் வசூலித்துக்கொண்டிருக்கிறது.

படம் வரும்போது காங் முஸ் தொழிலை விட்டு மூன்று வருடம் ஆகியிருக்கும். இப்போது கெச்சிம்ப்ரிங் வியாபாரம், நம் மரவள்ளி அப்பளம் மாதிரி ஒன்று. விற்பனை சரிகிறது. மகள் சபிரா வளர்ந்துவிட்டாள், பையன்கள் சுற்ற ஆரம்பிக்கிறார்கள். ஊரையே நடுங்க வைத்தவன், மகளைப் பார்க்க வரும் பையனை எப்படி வரவேற்பது என்று தெரியாமல் முழிக்கிறான். பழைய முறையில் ஒரு முறை முறைத்தால் போதும், ஆனால் முறைப்பதை விட்டுவிட்டேன் என்று சொன்னவன் ஆயிற்றே. பழைய ஆள் ஒருவன் தன் உறவினர் கொலைக்குப் பழிவாங்க வந்து நிற்கும்போது படம் இருண்டு போகிறது. என்னைக் கேட்டால் அந்தப் பாதியைவிட அப்பளம் விற்காத பாதிதான் உண்மையான படம்.

டிலான் விஷயம் என்ன? பெண்கள் எல்லோரும் ஏன் பைத்தியமானார்கள்?

2018இல் வந்த 'டிலான் 1990'ஐ 63 லட்சத்துக்கு மேல் பேர் தியேட்டரில் பார்த்தார்கள். பிடி பாய்க் எழுதிய நாவல், பண்டுங்கில் 1990ஆம் வருடம், ஜகார்த்தாவிலிருந்து புதிதாகப் பள்ளி மாறி வரும் மிலேயா, பைக் கும்பலில் 'போர்த் தளபதி' என்ற பட்டம் உள்ள டிலான். நடித்தது இக்பால் ரமதான்.

டிலான் வாத்தியாரோடு கைகலப்பு வரை போகிறவன், ஆனால் பெண்கள் அவனை நினைவில் வைத்திருப்பது அதற்காக இல்லை. மிலேயாவின் பிறந்தநாளுக்கு ஒரு குறுக்கெழுத்துப் புத்தகம் கொடுக்கிறான், எல்லாக் கட்டங்களையும் அவனே நிரப்பி. நீ மூளையைக் கசக்க வேண்டாம் என்பதற்காக. அவளுக்கு உடம்பு சரியில்லை என்றதும் மாத்திரை வாங்கி வரவில்லை, உடம்பு பிடித்துவிடுகிற ஒரு அம்மாளை அவள் வீட்டுக்கு அனுப்பி வைக்கிறான். ஆற்றில் மிதந்த பலாப்பழம் ஞாபகம் வருகிறதா? இது சாட்சாத் கபாயன் தர்க்கம். அந்தக் கபாயனுக்கு ஜீன்ஸ் ஜாக்கெட் மாட்டி, பழைய ஹோண்டா பைக் கொடுத்து, பதினேழு வயதாக்கிவிட்டார்கள், அவ்வளவே. சோம்பலுக்குப் பதில் கைநீட்டம் சேர்ந்திருக்கிறது. அந்தக் கைநீட்டத்தைப் படம் அழகாகக் காட்டுவதில் எனக்குக் கொஞ்சமும் உடன்பாடு இல்லை, மிலேயாவே அந்தக் கும்பலை விடச் சொல்லித்தானே இரண்டாம் படம் முழுக்கப் போராடுகிறாள்.

குடும்பத் தலைவன், அப்பா, இந்த வேடமெல்லாம்?

'கெலுவார்கா செமாரா' பாருங்கள். முன்பு பல வருடம் ஓடிய டிவி தொடர், அதில் அப்பா சைக்கிள் ரிக்‌ஷா ஓட்டுவார். யாண்டி லாரன்ஸ் இயக்கி 2019 தொடக்கத்தில் தியேட்டருக்கு வந்த படத்தில் ஜகார்த்தாவில் வசதியாக இருந்த அப்பா எல்லாவற்றையும் இழந்து, போகோர் பக்கம் கிராமத்தில் தன் அப்பாவின் பழைய வீட்டுக்குக் குடும்பத்தோடு வருகிறார். அப்பாவுக்கு அங்கே 'அபா', அம்மாவுக்கு 'எமாக்'. நடித்தவர் ரிங்கோ ஆகுஸ் ரஹ்மான், 2006இல் 'ஜோம்ப்ளோ' படத்தில் காதலி கிடைக்காத சுந்தா மாணவனாகக் கலகலப்பாக அறிமுகமானவர். அதே முகத்தில் இப்போது கடன்.

கட்டட வேலைக்குப் போகிறார், கால் உடைகிறது, எமாக் தின்பண்டம் செய்து விற்கிறாள், பிறகு இவர் ஆப்பில் பைக் டாக்ஸி ஓட்டுகிறார். ஒரு கட்டத்தில் வெடித்து, நீங்கள் எல்லோரும் என் பொறுப்பு என்கிறார். அப்படியானால் அபா யாருடைய பொறுப்பு என்று பிள்ளை பக்கத்திலிருந்து கேள்வி வருகிறது. அவரிடம் பதில் இல்லை. அந்த இடத்தில் நான் படத்தை நிறுத்திவிட்டு எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன்.

எல்லாம் சரி, இந்த மென்மையான ஆண்கள் வீட்டிலும் மென்மையா?

கேட்டீர்களே, சரியான கேள்வி. 1927இல் மனைவியை விட்டுவிட்டுப் போன கணவனை ஞாபகம் வைத்திருக்கச் சொன்னேன் இல்லையா. 2022இல் கமிலா ஆண்டினி எடுத்த 'நானா'வில் திரும்ப வருகிறான், தொண்ணூற்றைந்து வருடம் கழித்து, இன்னும் பண்பானவனாக. படம் முழுக்கச் சுந்தா மொழியில். நானாவின் மகளான ஜைஸ் டார்கா என்ற கலைப்பொருள் வணிகரின் குடும்ப வாழ்க்கையைச் சொல்லும் நாவலின் முதல் பகுதியிலிருந்து எடுத்தது. கலகக் கும்பலிடமிருந்து தப்பி ஓடி வந்து, முதல் கணவனைத் தொலைத்துவிட்ட நானா, அறுபதுகளில் வயதில் மூத்த பணக்காரர் டார்காவின் மனைவி. நடித்தவர் ஹேப்பி சல்மா.

டார்கா கத்த மாட்டார். கை ஓங்க மாட்டார். மெதுவான, மரியாதைப் படி தவறாத பேச்சு. வெளியே இன்னொருத்தி இருக்கிறாள், சந்தையில் இறைச்சி விற்கும் ஈனோ. எல்லோருக்கும் தெரியும், யாரும் சொல்வதில்லை. அந்த நயமான மொழியில் இப்படி ஒரு விஷயத்தைக் கேட்பதற்குச் சொல்லே கிடைக்காது. மேலே நாக்கின் பரீட்சை என்று பெருமையாகச் சொன்னேனே, அதன் மறுபக்கம் இது. கணவனின் மென்மை மனைவியின் வாயைக் கட்டிப்போடுகிறது. அடிக்கிறவனோடு சண்டை போடலாம், நலம் விசாரிக்கிறவனோடு எப்படிப் போடுவது?

நானா கண்ணாடி முன் உட்கார்ந்து கொண்டை போடுகிற காட்சி. பெண்கள் ஏன் கொண்டை போட வேண்டும் என்று மகள் கேட்கிறாள். ரகசியங்களை அதற்குள் வைத்துக்கொள்வதற்கு என்று அம்மா சொல்கிறாள். பிறகு நானாவும் ஈனோவும் சிநேகிதிகளாகிவிடுகிறார்கள், ஆற்றில் இறங்குகிறார்கள். ஈனோவாக நடித்த லாரா பசுகிக்கு பெர்லின் விழாவில் வெள்ளிக் கரடி கிடைத்தது, அந்த வருடம் இந்தோனேசியாவின் சித்ரா விருதில் சிறந்த படமும் இதுதான். 1926 கதையில் ஆண்களுக்கு மார்க் போட்ட பெண்கள் இதிலும் போடுகிறார்கள் என்றே எனக்குத் தோன்றியது. இந்தத் தடவை குரங்கு தேவனாக மாறவில்லை.

படங்கள் எல்லாம் சுந்தா மொழியிலா?

'நானா' மாதிரி அபூர்வம். மற்றவை இந்தோனேசிய மொழியில், சுந்தா ராகத்தோடு. 'மா', 'தே', 'அத்து', 'எய்' என்று வாக்கியத்துக்கு வால் முளைத்தால் சுந்தா ஆள் வந்துவிட்டான் என்று அர்த்தம். பெரும்பாலும் அந்த ராகம் கேட்டதும் தியேட்டர் சிரிக்கத் தயாராகிவிடும், வேலைக்காரன், டிரைவர், வாட்ச்மேன் வேடங்களுக்கு அதையே பயன்படுத்திப் பயன்படுத்தித் தேய்த்துவிட்டார்கள். அவர்களுக்கு 'ஃப' வராது, 'ப' ஆகிவிடும் என்று ஒரு பழைய கேலி. அதற்கு அவர்களே வைத்திருக்கும் பதில்: "எங்களுக்கு ஃப வராது என்பது சுத்தப் 'பிட்னா'!" அவதூறுக்கு அங்கே 'ஃபிட்னா' என்று பெயர். ஃபேனை பேன் என்று சொல்லி வளர்ந்த நமக்கு இந்த ஜோக்கை விளக்க வேண்டியதில்லை.

எதிலிருந்து பார்க்க ஆரம்பிக்கலாம்?

'கெலுவார்கா செமாரா'வில் ஆரம்பியுங்கள், யாருக்கும் ஒட்டும். அடுத்த வாரம் 'டிலான்'. கபாயன் படங்களில் 1989 படம் போதும், பிரிண்ட் எப்படியிருந்தாலும் பொறுத்துக்கொள்ளுங்கள். 'ப்ரெமான் பென்சியுன்' படத்தைத் தொடரின் சில பகுதிகளாவது பார்த்துவிட்டுப் பார்க்க வேண்டும், இல்லையென்றால் யார் யாருக்கு ஏன் பயப்படுகிறார்கள் என்றே புரியாது. 'நானா'வைக் கடைசியில் வையுங்கள், இரவில், போனைத் தூர வைத்துவிட்டு. முடிந்தபின் டிலானின் அந்தக் குறுக்கெழுத்துக் காட்சியைத் திரும்ப ஒருமுறை போட்டுப் பாருங்கள். முதலில் சிரித்த அளவுக்கு இப்போது சிரிப்பு வருகிறதா?